புது வண்டிக்கு அடியில் ஈரமா? சொட்டுவது எது, கசிவது எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

புது காரை நிறுத்திய இடத்தில் மறுநாள் காலை ஒரு கறையைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். பெரும்பாலும் அது வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனாலும் அப்படி முடிவுகட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது வாடை. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி இழுவை வண்டியில் அனுப்புங்கள். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் கறை இல்லாமல் வாடை மட்டும் இருந்தாலும் இதேதான். இரண்டாவது பிரேக். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தாலோ அந்த வண்டியை ஒரு தெரு தூரம்கூட ஓட்ட வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்தால் நிதானமாகத் தேடலாம்.

ஏசி போட்டு ஓட்டி வந்தால் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே இருக்கும் எவாப்பரேட்டர் என்ற குளிர்ந்த பாகத்தில் பட்டு நீராகி, ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே வருகிறது. பல கார்களில் இது முன் இருக்கைக்காரர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே, இன்ஜின் அறைத் தடுப்பை ஒட்டி விழும். நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது, விரலில் வழுக்காது. புழுக்கமான நாளில் சிறு குட்டையே தேங்கும். உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்தத் தண்ணீர் வராதபோதுதான். ஏசி ஓடியும் வெளியே சொட்டாமல், உள்ளே கால்மிதி ஈரமாக இருந்தால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது.

சைலன்சரிலிருந்து வரும் தண்ணீரும் இயல்பானதே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் சூடாகும்வரை அதில் ஒரு பங்கு துளியாகவே வெளியேறும்.

புது வண்டிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. துருப்பிடிக்காமல் இருக்க, கதவுகளின் உள்ளும் பக்கவாட்டுச் சட்டங்களின் உள்ளும் தொழிற்சாலையில் மெழுகு பூசுவார்கள். வெயிலில் அது இளகி, வடிகால் துளைகள் வழியாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ சொட்டும். இன்ஜின் ஆயில் என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: ஆயில் வழுக்கும், மெழுகு பிசுபிசுத்து ஆறியதும் இறுகும். கறை இருக்கும் இடமும் வேறு. இன்ஜினுக்கு அடியில் இல்லாமல், கதவுக்குக் கீழே ஓரமாக இருக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு பெரிய வெள்ளை அட்டை போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் பம்பரிலிருந்து முன் இருக்கை வரை அடியில் விரியுங்கள். இரண்டு முன் சக்கரங்களும் இருக்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறியுங்கள். இது இல்லாவிட்டால் காலையில் அட்டையை வெளியே இழுத்ததும் எந்தத் துளி எங்கே விழுந்தது என்று குழம்பிப்போகும். இரவு முழுக்க விட்டுவிட்டு துளிகளின் இடம், எண்ணிக்கை, நிறம் மூன்றையும் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு துளி என்றாலே ஒரு நாளில் சுமார் 70 மில்லி, ஒரு வாரத்தில் அரை லிட்டர் போய்விடும். இரவு முழுக்க மூன்று துளி என்றால் அவசரமில்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று எந்த நிறத்திலும் வரும். இனிப்பு வாடை அடிக்கும், காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போல் படியும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் நஞ்சு, நாய் பூனை நக்காமல் உடனே கழுவிவிட வேண்டும். புது இன்ஜின் ஆயில் தேன் நிறம், ஓடியது கறுப்பு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பிரேக் ஆயில் வெளிர் மஞ்சள், பெரும்பாலும் சக்கரத்தின் உள்பக்கம் வழிந்திருக்கும், பெயின்டில் பட்டால் அரித்துவிடும். நீல நிறத்தில் சோப்பு வாடையோடு முன் மூலையில் சொட்டினால் கண்ணாடி கழுவும் நீர்தான். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். ஆயில் மிதக்கும். கூலன்டும், வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலும் கலந்துவிடும்.

திரவம் எது என்று தெரிந்துவிட்டது, கசியும் இடம் எது? பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். இன்றைய வண்டிகளில் இன்ஜினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. மேலே கசிவது அதில் தேங்கி, சரிவுப்பக்கம் ஓடி, ஏதோ ஒரு துளை வழியாகத்தான் தரையில் விழும். ஓடும்போது காற்றும் துளிகளைப் பின்னால் தள்ளிவிடும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னால் உள்ளதும் எதுவோ, அதிலிருந்து தேடத் தொடங்குங்கள். முந்தைய சர்வீஸில் சிந்திய ஆயில் கவரில் தேங்கி பல நாள் சொட்டுவதும் உண்டு. துடைத்த பிறகு திரும்ப வராவிட்டால் அதுதான்.

கவரைக் கழற்ற வேண்டுமானால் ஜாக்கியால் தூக்கி, வண்டியைத் தாங்கும் ஸ்டேண்ட் வைத்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஆறிய இன்ஜினில் சந்தேகமான இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மெல்லிசாக டால்கம் பவுடர் தூவுங்கள். கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்தபின் டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் முதல் ஈரக்கோடு தொடங்கும் இடம் பளிச்சென்று தெரியும். இன்ஜின் ஓடும்போது மட்டும் ஆயில் கசிந்தால் ஃபில்டர் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். சர்வீஸுக்குப் பிறகு என்றால், பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருக்கலாம். நிற்கும்போதும் சொட்டினால் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷர். கூலன்ட் என்றால் ஹோஸ் கிளாம்ப், அடுத்து வாட்டர் பம்ப். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

இடம் தெரிந்ததும் ஸ்பேனரை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அலுமினிய சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) போல்ட்டை அதிகமாக இறுக்கினால் மரை போய்விடும், வாரன்டியில் வந்திருக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும். கசிவை அடைக்கும் பாட்டில் மருந்துகளையும் ஊற்றாதீர்கள். மாறாக அட்டையின் படம், கசியும் இடத்தின் படம், கிலோமீட்டர், தேதி இவற்றைச் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள், ஜாப் கார்டில் அதைப் பதியச் சொல்லி நகல் வாங்குங்கள். "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்றால் ஆயிலில் யூவி சாயம் கலந்து சோதிக்கக் கேளுங்கள், கசியும் புள்ளி யூவி விளக்கில் ஒளிரும்.

வேலை முடிந்து வந்ததும் அதே இடத்தில், அதே அட்டையின் மறுபக்கத்தை விரித்து இரண்டு இரவு பாருங்கள். கவரில் மிச்சமிருந்த ஆயில் முதல் இரவில் சொட்டலாம், இரண்டாவது இரவில் அட்டை சுத்தமாக இருக்க வேண்டும்.