அயர்லாந்தில் முதல் இலையுதிர்காலம்: அட்லாண்டிக் சூறாவளிகளின் எச்சத்தை எதிர்கொள்ள

ஆகஸ்ட், செப்டம்பரில் அயர்லாந்துக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் பி.பி.எஸ். எண் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் தனிப்பட்ட அடையாள எண்), வாடகை வீடு, வங்கிக் கணக்கு என்று அலையும் அதே வாரங்களில்தான் அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் உச்சத்தில் இருக்கும். அந்தச் சூறாவளிகள் வெப்பமண்டலத்தோடு நின்றுவிடுவதில்லை. அவற்றில் சில வடக்கே ஏறி இந்தத் தீவையும் ஸ்காட்லாந்தையும் தொடுகின்றன.

நம் ஊரில் புயல் கரையைக் கடந்து வலுவிழந்தது என்று கேட்டதும் நிம்மதி அடைவோம். கடலின் வெப்பம் கிடைக்காமல் அது தளர்ந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். வட அட்லாண்டிக்கில் நடப்பது வேறு. வடக்கே ஏறும் சூறாவளியை ஜெட் ஸ்ட்ரீம் என்னும் மேலடுக்குக் காற்றோட்டம் ஐரோப்பாவை நோக்கி இழுத்துவருகிறது. குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் சந்திக்கும் இடத்தில் அதற்கு வேறு வழியில் ஆற்றல் கிடைக்கிறது. புயலின் கண் மறைந்துவிடும், ஆனால் பலத்த காற்று வீசும் பரப்பு விரிந்துவிடும். எனவே 'முன்னாள் சூறாவளி' என்று வானொலியில் கேட்டால் ஓய்ந்துபோன ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். மையம் தொலைவில் இருந்தாலும் உங்கள் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) கூரை பறக்கலாம்.

2017 அக்டோபர் 16ஆம் தேதி ஒஃபீலியா இப்படித்தான் வந்தது. இரண்டு நாள் முன்பு அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே அது மூன்றாம் வகைச் சூறாவளியாக (வலிமையை அளக்கும் ஐந்து வகைகளில் ஐந்தாவதே உச்சம்) இருந்தது. கார்க் துறைமுக வாயிலில் உள்ள ரோச்சஸ் பாயிண்டில் மணிக்கு 156 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. சுமார் 3,60,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நாடு முழுவதும் பள்ளிகள் இரண்டு நாள் மூடப்பட்டன. மூன்று பேர் இறந்தார்கள். இருவர் ஓட்டிச் சென்ற கார்கள் மீது மரம் விழுந்தது, மற்றொருவர் விழுந்த மரத்தைச் சங்கிலி ரம்பத்தால் அறுக்கும்போது உயிரிழந்தார்.

அந்த மூன்று மரணங்களிலும் மரம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். குளிர்காலப் புயல்கள் வரும்போது மரங்கள் மொட்டையாக நிற்கும். அக்டோபர் நடுவிலோ பெரும்பாலானவற்றில் இலை அடர்ந்திருக்கும், அந்த இலைப் பரப்பு காற்றை முழுமையாக வாங்கிக்கொள்ளும். முந்தைய வாரங்களின் மழையில் மண்ணும் ஊறியிருந்தால் வேரோடு சாய்ந்துவிடும். கிராமத்துச் சாலைகளில் இருபுறமும் பெருமரங்கள் நிற்பதால், இலையுதிர்காலப் புயலில் கார் எடுப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. மருத்துவமனையில் பணிபுரிபவர்கள் எச்சரிக்கை வந்த உடனே மேலாளரிடம் பேசி, எப்போது போவது, எப்போது திரும்புவது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். காற்று ஏறிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

எச்சரிக்கையை வெளியிடுவது மெட் ஏரன் என்னும் வானிலை நிறுவனம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தமிழ்நாட்டில் பார்த்த அதே நிறங்கள்தான். ஆனால் அங்கே நமக்குப் பழகியது பெரும்பாலும் மழைக்கான எச்சரிக்கை. இங்கே காற்றுக்கு, மழைக்கு, பனிக்குத் தனித்தனியாக, கவுன்டி வாரியாகத் தருவார்கள். வேகமாக அடித்து ஓயும் காற்று மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் பொதுவாகச் சிவப்பு. சிவப்பு என்றால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், கடைக்குக்கூடப் போகக் கூடாது. அலை பார்க்கக் கடற்கரைக்குப் போகும் பழக்கம் இங்கேயும் உண்டு. தயவுசெய்து நீங்கள் போகாதீர்கள், குழந்தைகளையும் அனுப்பாதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை மின்சாரம்தான் முதல் கவலை. பல வாடகை வீடுகளில் அடுப்பு, குளியல் வெந்நீர் எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. கிராமத்தில் சொந்தக் கிணறு உள்ள வீடு என்றால் மோட்டார் நின்றதும் குடிநீரும் நின்றுவிடும். முந்தைய நாளே தண்ணீர் பிடித்து வையுங்கள், பவர் பேங்க், டார்ச் சார்ஜ் செய்யுங்கள், சமைக்காமல் சாப்பிடக்கூடியதை வாங்கி வையுங்கள். கேம்பிங் அடுப்பையோ கரியடுப்பையோ வீட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் உயிரைக் குடிக்கும். குப்பைத் தொட்டி, தோட்டத்து நாற்காலி, பிள்ளைகளின் டிராம்போலின் ஆகியவற்றை உள்ளே எடுங்கள் அல்லது கட்டிவையுங்கள்.

எல்லாச் சூறாவளி எச்சமும் காற்றைக் கொண்டுவருவதில்லை. 1986 ஆகஸ்டில் வந்த சார்லி மழையாகக் கொட்டியதில் டப்ளினில் டாடர் ஆறும் ப்ரே நகரில் டார்கிள் ஆறும் வீடுகளுக்குள் புகுந்தன. வாடகைக்குப் பார்க்கும் வீடு ஆற்றையொட்டி இருந்தால் வெள்ளம் வந்ததுண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

சில சமயம் எதிர்பார்த்த அளவு ஒன்றும் நடக்காது. 2019இல் லொரென்சோ வழியில் ஐந்தாம் வகையை எட்டியிருந்தும், இங்கே வந்தபோது பயந்த அளவு சேதம் இல்லை. அதை வைத்து அடுத்த எச்சரிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள்.

காற்று அடங்கிய பிறகு அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே எண்ணி விலகி நில்லுங்கள். மின்கம்பிகளைப் பராமரிக்கும் ஈ.எஸ்.பி. நெட்வொர்க்ஸின் 1800 372 999 எண்ணுக்குத் தகவல் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112 அல்லது 999. அப்போது உங்கள் வீட்டின் ஏர்கோடை, அதாவது ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக உள்ள அஞ்சல் குறியீட்டை, சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கு வரும். அதை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்துகொடுங்கள்.