கல்வராயன் மலையில் உழவர் ஊர்களைக் காணச் செல்வோருக்கு

புதுச்சேரியிலிருந்து செல்பவர்கள் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகவும், கடலூரிலிருந்து செல்பவர்கள் பண்ருட்டி வழியாகவும் முதலில் கள்ளக்குறிச்சியை அடைய வேண்டும். அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலை என்னும் ஊருக்கு மலைப்பாதை ஏறுகிறது. உட்புற ஊர்களுக்குப் பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தை நடத்துனரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலோர் மேகம், பெரியார் அருவிகளில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையாளிப் பழங்குடியினரின் வேளாண்மையைக் காண விரும்புபவர் சாலையை விட்டுச் சற்று விலகிச் செல்ல வேண்டும். ('மலையாளி' என்றதும் கேரளத்தவரை நினைத்துவிட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) ஆடி மழையை நம்பி விதைக்கும் மானாவாரிச் சாமை விளைந்து நிற்பதையும், களத்தில் கதிர் அடித்துத் தூற்றுவதையும் காண மழைக்காலத்தின் பிற்பகுதியில் செல்வதே என் பரிந்துரை, கோடையில் தரிசு நிலமே மிஞ்சும். மரவள்ளியும் கடுக்காயும் இம்மலையின் பிற விளைபொருள்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்ப் பெரியவரைக் கண்டு, வந்த காரணத்தைச் சொல்லி, எங்கு செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கு படம் எடுக்கலாகாது என்பதைக் கேட்டறிய வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. சாமையரிசியோ தேனோ வாங்கினால், பேரம் பேசாமல் விளைவித்தவரிடமே உரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். கடற்கரை வெப்பத்துக்குப் பழகியவர்கள் போர்வை எடுத்துச் செல்லவும்.