மாத்திரைக்கு முன் சிகரெட்டைக் கவனியுங்கள்

குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள் பலர் முதலில் தேடுவது, ஆக்சிஜனேற்றத்தால் செல்களுக்கு வரும் பழுதைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையைத்தான். அதில் ஓரளவு நியாயம் உண்டு. விந்தணுவின் மேல்சவ்வில் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகும் கொழுப்பு அமிலங்கள் அதிகம். பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியோ மிகக் குறைவு. அதனால் நீந்தும் திறன் குறைகிறது, உள்ளிருக்கும் டிஎன்ஏவும் உடைகிறது.

ஆனால் மாத்திரை கைகொடுக்கிறதா? அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், ஆண்கள் ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் எடுத்தும் குழந்தைப்பேறு கூடவில்லை. வயிற்றுத் தொந்தரவுதான் கூடியது! விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்லுமா?

முதலில் புகையை விடுங்கள். மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்யாதீர்கள். விதைப்பையில் இரத்தக்குழாய் புடைத்திருக்கும் வெரிகோசில் இருக்கிறதா என்று சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் காட்டுவது மிக முக்கியம். கூச்சத்தால் பலர் தள்ளிப்போடுவது இதைத்தான்; சிலருக்கு அறுவை சிகிச்சை பலன் தருகிறது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும் என்பதால், விந்துவின் மறுபரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மனைவிக்கான பரிசோதனைகளும் அதே காலத்தில் நடக்கட்டும்.