நாகர்கோவிலைக் கூரை பார்த்துப் படிப்பது எப்படி?

நான் கொத்தனார். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். நாகர்கோவிலின் வரலாறு தெரிய வேண்டுமென்றால் நீங்களும் அப்படியே பாருங்கள்.

காலையிலேயே நாகராஜா கோயிலுக்குப் போய்விடுங்கள். தெற்கு வாசல் மாளிகை கேரளப் பாணி. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சியில்தானே இருந்தோம். உள்ளே நாகராஜாவின் கருவறைக்கோ ஓலைக் கூரை. ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். அப்புறம் தூண்களை அவசரப்படாமல் பாருங்கள். சமணத் தீர்த்தங்கரர்களான மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நின்றால் அது பார்சுவநாதர். 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலும் சமணர் பெயர்கள் வருகின்றன. வழிபாடு மாறியும் தூண்கள் நிற்கின்றன. நல்ல கல்லை யார் வீணாக்குவார்கள்?

அடுத்து மணிமேடை, அதாவது மணிக்கூண்டு. 1893இல் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் திறந்தது. இன்றைக்கும் வண்டிகள் அதைச் சுற்றித்தான் வளைகின்றன. லண்டன் மிஷன்காரர்கள் 1819இல் அடித்தளமிட்ட ஹோம் சர்ச்சையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

கோட்டாறுதான் பழைய வணிக ஊர். அங்கே மட்டும் கூரையை விட்டுவிட்டு வாசற்படியைப் பாருங்கள். தெருவிலிருந்து கீழே இறங்கி நுழைகிற வீடு என்றால் சாலை பல முறை உயர்ந்திருக்கிறது. வீடு அதற்கும் முந்தியது. ஓட்டுச் சரிவு செங்குத்தாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், இங்கே ஆண்டுக்கு இரண்டு பருவமழை.

பைக் வேண்டாம். சந்தைத் தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது.