டிஎன்ஏ இரட்டிப்பாதல் எப்படித் தொடங்குகிறது? படிப்படியாக வரைந்து பார்ப்போம்

டிஎன்ஏ இரட்டிப்பாதல் என்றாலே, புது இழையைக் கட்டும் நொதியான டிஎன்ஏ பாலிமெரேஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நொதியால் ஒரு புது இழையைத் தானாகத் தொடங்க முடியாது. அது வந்து சேருவதற்குள் நடக்கும் வேலைதான் இங்கே விஷயம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தொடக்கப் புள்ளி

ஒரு வட்டம் வரையுங்கள். இது இ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோம்; சுமார் 46 லட்சம் கார இணைகள் (இரு இழைகளிலும் எதிரெதிராக இணையும் ஏ-டி, ஜி-சி எழுத்துகள்). இரட்டிப்பாதல் தொடங்கும் இடமாக இதில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள், போதும். பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு நிறையப் புள்ளிகள் வையுங்கள். அது மனித குரோமோசோம்.

ஏன் இத்தனை புள்ளிகள்? கணக்குப் போட்டால் புரியும். நம் முதலாம் குரோமோசோமில் சுமார் 25 கோடி கார இணைகள். நடுவில் ஒரே புள்ளியில் தொடங்கி, இரு பக்கமும் நிமிடத்துக்கு 2,000 இணைகள் என்று போனால் நாற்பது நாளுக்கு மேல் ஆகும். செல்லுக்கு இதற்குக் கிடைப்பதோ சில மணி நேரம்தான்.

படி 2: பாக்டீரியா முதலில் பிரிக்கிறது

டிஎன்ஏ-ஏ என்ற புரதம், 'டிடிஏடிசிசிஏசிஏ' போன்ற ஒன்பது எழுத்துத் தொடர்களைத் தேடிப்பிடித்து உட்காருகிறது. அருகிலேயே ஏ, டி நிறைந்த பகுதி. அங்கே பிணைப்பு தளர்வு என்பதால் இழைகள் எளிதில் விலகும். விலகிய ஒவ்வோர் இழையிலும் டிஎன்ஏ-பி என்ற வளைய வடிவ ஹெலிகேஸ் (இழைகளைப் பிரிக்கும் நொதி) ஒன்று மாட்டப்படுகிறது. அப்புறம் ப்ரைமேஸ் என்ற நொதி சின்ன ஆர்என்ஏ தொடக்கியை அமைத்ததும், பாலிமெரேஸ் வேலையில் இறங்குகிறது.

படி 3: யூகேரியோட்டுகள் முதலில் மாட்டுகின்றன

செல்லில் உட்கரு உள்ள யூகேரியோட்டுகளில், ஈஸ்ட் முதல் மனிதர் வரை, வரிசை அப்படியே தலைகீழ். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜி1 கட்டத்தில் (டிஎன்ஏ நகலாவதற்கு முந்தைய கட்டம்), ஆறு புரதங்கள் சேர்ந்த ஓஆர்சி, இன்னும் பிரியாத இரட்டை இழையைச் சுற்றி ஹெலிகேஸின் மையமான இரண்டு எம்சிஎம் வளையங்களை மாட்டிவைக்கிறது. வளையங்கள் சும்மா காத்திருக்கும். டிஎன்ஏ நகலாகும் எஸ் கட்டத்தில் கைனேஸ் நொதிகள் உசுப்பி, சிடிசி45, ஜிஐஎன்எஸ் ஆகிய புரதங்கள் வந்து ஒட்டிய பிறகே இழைகள் பிரியும்.

மாட்டுவது ஒரு கட்டம், ஓட்டுவது வேறு கட்டம். எஸ் கட்டம் தொடங்கிவிட்டால் புது வளையம் மாட்டத் தடை. அதனால் ஒரு சுழற்சியில் ஒரே பகுதி இரண்டு தடவை நகலாவதில்லை. பாக்டீரியாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கிடையாது: வேகமாக வளரும் இ.கோலை, முதல் சுற்று முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கிவிடும்.

படி 4: ஆர்க்கியா

ஆர்க்கியா என்பவை உட்கரு இல்லாத, பாக்டீரியாவும் அல்லாத ஒற்றைச்செல் உயிரிகள். இவற்றின் குரோமோசோம் பாக்டீரியாவைப் போல வட்டம்; தொடங்கிவைக்கும் புரதங்களோ நம்முடையவற்றின் உறவுக்காரர்கள். சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியாவில் மூன்று தொடக்கப் புள்ளிகள்.

ஹாலோஃபெராக்ஸ் வொல்கானி என்ற இன்னோர் ஆர்க்கியா தனி ரகம். அதன் முதன்மைக் குரோமோசோமில் இருந்த எல்லாத் தொடக்கப் புள்ளிகளையும் ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. அது சாகவில்லை, முன்பைவிடச் சற்று வேகமாகவே வளர்ந்தது. டிஎன்ஏ மறுசேர்க்கை (இழைகள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது) நடக்கும் இடங்களிலிருந்தே இரட்டிப்பாதலைத் தொடங்கிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.