பழைய டீசல் டிசையர் வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வருடம் தம்பிக்காக ஒரு 2013 மாருதி டிசையர் டீசல் கார் பார்க்கப் போயிருந்தோம். காலை ஏழு மணி. பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. "இப்பத்தான் சார் டீசல் போட்டுட்டு வந்தேன்" என்றார் விற்பவர். மீட்டரில் டீசல் கால் டேங்க்கூட இல்லை. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டோம்.

பழைய டீசல் வண்டியைச் சூடாகப் பார்ப்பதுதான் முதல் தவறு, செலவு வைக்கும் தவறும் அதுதான். டிசையரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால், இன்று சந்தையில் உள்ள எல்லா டீசல் டிசையரும் வயதானவைதான். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். "செயின் ஆயுசுக்கும் வரும்" என்பார்கள். ஆயில் ஒழுங்காக மாற்றியவருக்கு மட்டும் வரும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் செல்ஃப் அடித்ததும் ஓரிரு நொடி கரகரவென்று கேட்டு அடங்கினால் பயமில்லை. அதற்கு மேலும் தொடர்ந்தால் செயின் நீண்டுவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். சூடான இன்ஜினில் இந்தச் சத்தம் பெரும்பாலும் காதில் விழாது. வெளி மெக்கானிக்கிடம் செயின் செட் மாற்ற லேபரோடு தோராயமாக 10,000 முதல் 15,000 ரூபாய் ஆகும். விட்டுவைத்துச் செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

டிப் ஸ்டிக்கை உருவி "ஆயில் கருப்பா இருக்கே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. டீசலில் புது ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டரில் கருத்துவிடும். நிறத்தை விட அளவு முக்கியம். அளவு குறைவாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சாதனம்) சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். ரிங் என்றால் நான் பேரமே பேசமாட்டேன், வந்த வழியே திரும்பிவிடுவேன்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வண்டி வாங்கிய ஒரு வாரத்தில் "2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுக்கவே இல்லை, டர்போ போயிடுச்சு போல" என்று மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். இந்த இன்ஜினின் சுபாவமே அதுதான். முழு இழுவையும் 2,000-ஐ ஒட்டித்தான் வரும். அதற்கு மேலேயும் மந்தமாக இருந்தால், முதலில் ஏர் ஃபில்டரையும், டர்போவிலிருந்து காற்று கொண்டு போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். சில நூறு ரூபாய் ஃபில்டரில் முடியவேண்டியது, அவசரப்பட்டால் 20,000-க்கு மேல் போகும் புது டர்போவில் முடியும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் அப்படித்தான். ஸ்கேனரில் போட்டு, ரிட்டர்ன் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்ற சோதனை) எடுத்து, எது கெட்டதோ அதை மட்டும் பாருங்கள். ஒன்று கெட்டதற்கு நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

கிளட்சை வாங்கும் முன்பே சோதிக்கலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டால் இன்ஜின் ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்றும்போது பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது, பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள். 7,000 முதல் 10,000 வரை ஆகலாம்.

ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் கடகடவென்றால் பலர் வண்டியையே வேண்டாம் என்கிறார்கள். சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் தேய்கிற சாமான்கள், மாற்றினால் அடங்கிவிடும். விலையில் ஐயாயிரம் குறைக்கச் சொல்ல எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்!

கிலோமீட்டரை நம்புவது பழைய கதை. கால் டாக்சியாக ஓடிய டிசையர்கள் ஏராளம். மீட்டரில் 70,000 இருந்து, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகவும் டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கியும் இருந்தால் எண் பொய் சொல்கிறது. ஆர்.சி. விவரத்தில் டி போர்டிலிருந்து (வாடகை வண்டி) ஓன் போர்டுக்கு (சொந்த வண்டி) மாறியதா என்று பாருங்கள். சென்னை வண்டி என்றால் காலடியில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துருவும் சேறும் உண்டா என்றும் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை.

தம்பி அந்த வண்டியை வாங்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே போய் நின்றோம். பானெட் அன்றும் சூடாகத்தான் இருந்தது.