துவாலமி மெடோஸில் கூடாரம் போடுபவர்களுக்கு

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா என்றதும் எல்லோரும் பள்ளத்தாக்கையே நினைக்கிறார்கள். நான் சொல்வது அதற்கும் மேலே, டியோகா சாலையோரம், 8,600 அடி உயரத்தில் இருக்கும் துவாலமி மெடோஸ். லாட்ஜ்போல் பைன் மரங்களுக்கு நடுவே கூடாரத் தளங்கள். பக்கத்திலேயே ஆறு, கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. ஊட்டிக்குப் போனால் தொட்டபெட்டா உச்சியில் ஏறி நின்று சிறிது நேரத்தில் இறங்கிவிடுவோம் அல்லவா? கிட்டத்தட்ட அதே உயரத்தில் இங்கே இரவு முழுவதும் தூங்க வேண்டும்.

மதுரையிலிருந்து அம்மா வந்திருந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் முதன்முதலாகப் போனோம். காற்று மெத்தை போட்டு, அம்மாவுக்கு மூன்று கம்பளி போர்த்திவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். “மேலே நன்றாகத்தான் இருக்கிறது, முதுகுதான் விறைத்துப்போகிறது” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. குளிர் தரையிலிருந்து வருகிறது. சாதாரணக் காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்று, உடம்புச் சூட்டை வாங்கி மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் அதை நிறுத்த முடியாது.

ஆகவே பணத்தை முதலில் கீழே விரிப்பதற்குச் செலவிடுங்கள். படுக்கை விரிப்புகளில் ‘ஆர் மதிப்பு’ (R-value) என்று ஓர் எண் போட்டிருக்கும், உடம்புச் சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதை அது சொல்லும்; நான்குக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். காற்று மெத்தைதான் கையில் இருக்கிறது என்றால், அதன் மேல் ஒரு தடித்த ஃபோம் பாயை விரித்துப் படுங்கள். பகலில் போட்டிருந்த பருத்தி பனியனைக் கழற்றிவிடுங்கள். அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் குளிரும். கம்பளி உள்ளாடையும் உலர்ந்த காலுறையும் போதும். எவர்சில்வர் புட்டியில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, காலுறைக்குள் நுழைத்துக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போனபோது அம்மா அந்தப் புட்டியை விடியும்வரை விடவில்லை. எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

சமையலுக்கு வருகிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, துவரம்பருப்பு ஒரு மணி நேரமானாலும் குழையாது. மூன்று லிட்டர் பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பருப்பை வீட்டிலேயே ஊறவைத்துக் கொண்டுபோய், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். பாசிப்பருப்பு இன்னும் சுலபம். சிறு குப்பியில் எரியும் பியூட்டேன் அடுப்பு விடியற்காலைக் குளிரில் மங்கிப்போகும், ஏனென்றால் உறைநிலையை நெருங்கும்போது பியூட்டேன் சரியாக ஆவியாகாது. புரொப்பேன் சிலிண்டரில் எரியும் அடுப்பு காலைக் காப்பியைக் கைவிடாது.

கரடிகள் உண்மையாகவே வரும். ஒவ்வொரு தளத்திலும் இரும்புப் பெட்டகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். உணவு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவும் அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சோப்பு, தேங்காயெண்ணெய், அம்மாவின் அமிர்தாஞ்சன், கைப்பையில் மறந்துபோன ஏலக்காய். பெட்டகத்தின் உயரம் ஒன்றரை அடிதான். பெரிய ஐஸ்பெட்டி நுழையாது, அளந்து பார்த்து வாங்குங்கள். சமைக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் தாழ்ப்பாள் போட்டே இருக்கட்டும். கார் இருக்கையில் சிந்திய முறுக்குத் துகளைக்கூடத் துடைத்தெடுங்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்ல நேர்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் இவ்வளவு உயரம் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். வயதானவர்கள் உடன் வந்தால், வழியில் 6,200 அடியில் இருக்கும் கிரேன் ஃபிளாட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். முதல் நாள் புல்வெளியில் மெதுவாக நடந்தால் போதும். தலைவலி கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம், கீழே இறங்கிவிடுங்கள். லெம்பர்ட் டோம் பாறையில் ஏற நினைப்பவர்கள் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். கோடையில் பிற்பகல் இடி மின்னல் அங்கே அடிக்கடி வரும், மொட்டைப் பாறையில் ஒதுங்க இடமில்லை.

எப்போது போவது? டியோகா சாலை பெரும்பாலும் நவம்பரில் மூடி, மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். பனி உருகியதும் கொசுக்கள் மொய்க்கும். ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை எனக்குப் பிடித்த காலம்: கொசு குறைவு, புல்வெளி பொன்னிறமாகியிருக்கும். குளிப்பதற்கு வசதி கிடையாது.

திரும்பும் நாளில் அவசரப்பட்டுக் கூடாரத்தைச் சுருட்டாதீர்கள். காலையில் மேல்துணியின் உட்புறத்தில் நம் மூச்சே பனியாக உறைந்து, விரலால் தொட்டால் சர்க்கரைபோல் உதிரும். பைன் மரங்களைத் தாண்டி வெயில் வரும்வரை இன்னொரு காப்பி போடுங்கள். துணி நன்றாக உலர்ந்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும்.